பிரசவ வாட்டுக்கு வந்த பொரிக்கல்லு

1962 சித்திரை, வெள்ளி

எங்கள் பிரசவ வாட்டின் கொங்கிறீற் கூரைக்கென்று வந்த மூட்டைகள் எங்கே போயின என்று இன்று தெரிந்தது. பொரி போலப் பாரமில்லாத கல்மணிகள். சீமெந்தோடு குழைத்துக் கூரைமேல் பரப்பினால் வெக்கை உள்ளே இறங்காது என்று எனக்கு விளக்கியவரே ஆஸ்பத்திரிக் கட்டட எஞ்சினியர்தான். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நிறைமாதமாக இருக்கும் தன் மனைவியை நேர்ஸ் வந்து பார்க்க வேண்டும் என்று இன்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். நல்ல வெயிலில் போனேன். அவர்கள் வீடும் கொங்கிறீற் கூரைதான். உள்ளே கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது.

“இவர் மேலை பொரிக்கல்லுப் போட்டவர், மிஸ்ஸி. இப்ப மத்தியானத்திலையும் நல்ல நித்திரை,” என்றார் அந்த அம்மா.

“வாட்டுக்கு எப்ப வாறியள்?” என்று கேட்டேன்.

“ஐயோ, அங்கை சரியான வெக்கையாம். இவர் வேண்டாமெண்டிட்டார். நீங்கள் இஞ்சை வந்து பாருங்கோ.”

“ஓம், வாறன்,” என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு இடமாற்றம்தான்.

வாட்டுக்குத் திரும்பினேன். மல்லாவியிலிருந்து வந்தவள் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அதன் முதுகெல்லாம் வேர்க்குரு.

“கூரைக்கு ஏதோ போடப்போகினம் எண்டு சொன்னியளே மிஸ்ஸி?”

“சாமான் இன்னும் வரேல்லைப் பிள்ளை,” என்றேன். அவள் நம்பினாள்.