கீசர் மாற்றிய கூலி

டிசம்பர் 7, ஞாயிறு

காலையிலிருந்தே மேகமூட்டம். குளிர். பாத்ரூம் கீசர் போய்விட்டது. அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை, தரையெல்லாம் தண்ணீர். சுபாவின் குழந்தைக்கு இன்று பத்தொன்பதாம் நாள். பிரசவத்துக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு அடுப்பில் வெந்நீர் போட்டு அண்டாவைத் தூக்கி நடந்ததில் என் இடுப்பு போயிற்று.

வாட்ச்மேன் கொடுத்த நம்பரில் ராசு என்பவர். செல்லூர். குழாய் வேலை, கரண்ட் வேலை இரண்டும் பார்ப்பவர், நம் அப்பார்ட்மெண்டுக்கு வருஷக்கணக்காக வருகிறாராம். முதலில், ஞாயிற்றுக்கிழமை முடியாது என்றார். பச்சைப்பிள்ளை இருக்கிறது என்றதும், "அப்படியா? இந்தா வாரேம்மா."

கடையிலிருந்து வந்த புதுக் கீசரை மூன்றாவது மாடிக்கு அவரே தோளில் ஏற்றினார். லிப்ட் கிடையாது. பத்தரைக்கு ஆரம்பித்தார், ஒன்றரைக்கு முடித்தார். நான் சமையலில் இருந்தேன்.

"கூலி, சாமான் எல்லாஞ் சேத்து ஆயிரத்தி எண்ணூறு குடுங்கம்மா."

"என்னப்பா இது, ஒண்ணைக் கழட்டிட்டு இன்னொண்ணை மாட்டுறதுக்கா இம்புட்டு?"

"பழைய பைப்பு பூராம் இத்துப்போச்சும்மா. மாத்தியிருக்கேன்."

ஆயிரத்து இருநூறு, அதற்கு மேல் பைசா கிடையாது என்றேன். ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "சரிம்மா, குடுங்க."

வீட்டுக்காரரிடம் அறுநூறு மிச்சம் பிடித்ததைச் சொன்னேன். "நீ பேசினா யாருதான் நிப்பா," என்றார். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

டிசம்பர் 8, திங்கள்

எங்கள் காலேஜ் ஆபீசில் பீஸ் கட்டும் கடைசி நாள். கூட்டம். தலைவலி.

மதியம் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ பிளம்பர் நம்பர் கேட்டிருந்தார்கள். நான் எழுதினேன்: "ராசுவைக் கூப்பிடாதீர்கள். கீசர் மாற்ற ஒரு மணி நேர வேலைக்கு 1200 வாங்கிவிட்டார். பகல் கொள்ளை." ஐந்து நிமிஷத்தில் பதினொரு கட்டைவிரல். ஆளாளுக்கு அவரைப் பற்றிக் குறை. 'நல்லவேளை சொன்னீங்க மேடம்' என்று அசோசியேஷன் செக்ரட்டரி.

ஒரு மணி நேரம் என்று ஏன் எழுதினேன்? எழுதும்போதே மூன்று மணி நேரம் என்று தெரியும். மூன்று என்று போட்டால் கொள்ளை என்று சொல்ல முடியாது. அதனால்தான்.

டிசம்பர் 11, வியாழன்

தூறல். துணி காயவில்லை. குழந்தைக்கு வயிற்று உப்புசம், ஓமத்தண்ணீர்.

கேட்டில் செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டிவிட்டார். கீசர் மாற்ற ரூ. 600, அதற்கு மேல் கேட்டால் உள்ளே விடாதே. ராசுவை உள்ளே விட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் வாய்ச்சொல்லாக. படி ஏறும்போது வாட்ச்மேன் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. எப்போதும் எழுந்திருப்பார்.

டிசம்பர் 13, சனி

இரண்டாவது மாடி ஜெயந்தி டீச்சர் வீட்டிலும் கீசர் ரிப்பேர். அறுநூறுக்கு யாரும் வரவில்லை. கடைசியில் செக்ரட்டரியே உள்ளே விடச் சொல்லி, திருமங்கலத்திலிருந்து ஒருத்தர், கூலி மட்டுமே 1000 கேட்டாராம். அவரையே நம் சமையலறைக் குழாய்க்கும் கூப்பிட்டேன். போகிற போக்கில் நம் கீசரை எட்டிப் பார்த்தார்.

"யாரு மாட்டுனதுக்கா? சுத்தமா இருக்கே."

"ஏன்?"

"பழைய பாயிண்டுல எர்த்தே இல்ல போல. மெயின் போர்டுல இருந்து புதுசா ஒயர் இழுத்திருக்காரு பாருங்க. இல்லாட்டி ஈரக்கையோட குழாயத் தொட்டாலே அடிச்சிரும். இதுக்கு மட்டும் நாங்க தனியா வாங்குவோம்."

அவர் போனபின் சுபாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஆமாம்மா. 'பச்சப்புள்ள குளிக்கிற எடம், இப்படியே விட்டுட்டுப் போக மாட்டேன் பாப்பா'ன்னாரு. அம்மாகிட்டச் சொல்லிக் காசு வாங்கிக்கங்கண்ணேன்னு சொன்னேன். 'சொன்னா அதுக்கும் பேரம் பேசுவாங்க, விடு'ன்னு சிரிச்சாரு."

வந்து அரை மணி நேரத்துக்குள் என்னை எடை போட்டுவிட்டார். சரியாக.

திருமங்கலத்துக்காரர் சொன்ன ரேட்டை வைத்துப் போட்டுப் பார்த்தேன்.
பழையது கழற்ற — 300
புதியது ஏற்றி மாட்ட — 700
பைப், வால்வு, போல்ட் — 550
எர்த் ஒயர், கூலியோடு — 600
மொத்தம் 2150. மாடி ஏறியதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒன்றும் போடவில்லை. அவர் கேட்டது 1800.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விடு, குரூப்ல எல்லாரும் மறந்திருப்பாங்க." வாட்ச்மேன் மறக்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு செல்லூர் போனேன். வாட்ச்மேனிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. சொன்னார், முகத்தைப் பார்க்காமல். தறிச்சத்தம் கேட்கும் சந்தில் ஒற்றை அறை வீடு. ராசு இருந்தார். ஞாயிறு என்பதால் என்று நினைத்தேன். "இந்த வாரம் பூராமே வீட்லதான் இருக்காரு," என்றார் அவர் மனைவி. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வந்து போட்டார்.

"வாங்கம்மா. தண்ணி சுடுதா? லீக்கு எதுவும் இல்லையே?"

மீதி அறுநூறும் ஒயருக்கு அறுநூறும் நீட்டினேன். வாங்கவில்லை.

"ஆயிரத்தி எரநூறுக்கு நான்தானம்மா ஒத்துக்கிட்டேன். அது முடிஞ்சு போச்சு. காசு குறைச்சதுக்கு எனக்கு வருத்தமில்ல."

தப்பாயிருச்சு என்றேன்.

"வாட்ச்மேன் அந்த மெசேஜை அனுப்பியிருந்தாரு. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், எம் மகளைப் படிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம்னு போட்டிருந்தீங்க. படிச்சிட்டு, 'ஏம்ப்பா, ஏமாத்துனியா?'ன்னு கேட்டுச்சு. இல்லன்னு சொன்னேன். நம்புச்சா இல்லையான்னு தெரியல."

டீ குடித்தேன். பணத்தோடு திரும்பினேன்.

டிசம்பர் 15, திங்கள்

நல்ல வெயில். ஆபீசில் மூன்று முறை எழுதி அழித்தேன். மாலை நாலரைக்குப் போட்டுவிட்டேன்:

"ராசு பற்றி நான் எழுதியது பொய். மூன்று மணி நேரம் வேலை பார்த்தார். 1800 கேட்டார், அது நியாயம், அதைவிட அதிகம் கேட்டிருக்கலாம். நான் குறைத்துக் கொடுத்தேன். கேட்காமலேயே எர்த் போட்டுக் கொடுத்திருக்கிறார். தப்பு என்னுடையது. நோட்டீஸை எடுத்துவிடுங்கள்."

ஒரு கட்டைவிரல்கூட இல்லை. செக்ரட்டரி போன் செய்து, "இப்படிப் போட்டா நாளைக்கு எல்லாப் பயலும் ஏத்திக் கேப்பான் மேடம், அழிச்சிருங்க," என்றார். அழிக்க மாட்டேன் என்றேன்.

ஜெயந்தி டீச்சர் மட்டும் தனியாக, 'அவர் நம்பர் இருக்கா?' திருமங்கலத்துக்காரர் மாட்டியது ஒழுகுகிறதாம். ராசுவிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன்.

போன் போட்டேன். ஒரு பெண்பிள்ளைக் குரல். "யாரு பேசுறீங்க?"

பெயரைச் சொன்னேன்.

"அப்பா வேலைக்குப் போயிருக்காரு," என்று சொல்லி, நான் பேசுமுன் வைத்துவிட்டாள்.