சேகரிடம் சொல்லாதது

ஞாயிறு, மே 12, 1974
நல்லவாடு

இன்றும் சேகர் படகில் வாந்தியெடுத்தான். பெரியம்மா மகன், மெட்ராசில் விமானம் ஓட்டக் கற்கிறான். மேலே ஏறினாலே குமட்டுகிறதாம். இன்னொரு முறை வாந்தியெடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். ஆட்டம் பழகட்டும் என்று மூன்று நாளாக நான்தான் அவனைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன்.

கரையில் அம்மா என்னைத்தான் திட்டினாள். "என் புள்ள மூஞ்சி இன்னாடா இப்படி வெளுத்துப் போச்சு? பைலட்டுடா அவன், பாத்து இட்டுனு போவக்கூடாதா?" முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். 'என் புள்ள' என்றது அவனை.

அதே படிப்புக்கு நானும்தான் மனு போட்டேன். என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்ததுமே போகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கடலில் ஒருநாளும் குமட்டியதில்லை.

அவன் படகில் தன் காலையே பார்த்துக்கொண்டு உட்காருகிறான். தலை நிமிர்ந்து, வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்தால் பாதிக் குமட்டல் அடங்கிவிடும். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

சாப்பிடும்போது, "நீ இல்லன்னா நான் இன்னாடா பண்ணுவேன்" என்றான்.

காலை முதல் பஸ்ஸில் போகிறான். இப்போது என் பாயில்தான் தூங்குகிறான். கை நீட்டினால் எழுப்பிவிடலாம்.

விளக்கை அணைக்கப் போகிறேன்.