ஐஸ் தட்டைக் காலி செய்தவள்

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணனும் நலம். இந்த வார்த்தையை எழுதும்போது இந்த முறை கை கூசவில்லை, உண்மையாகவே நலம். நாற்பத்தேழு வயதாகி, விடுதியில் இருநூறு பெண்களை ஒரு பார்வையில் அடக்கும் காப்பாளரை இன்னும் வாண்டு என்று கூப்பிடலாமா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "அறுபது வயசானாலும் அவ வாண்டுதான்" என்று சொல்லிவிட்டார். பொறுத்துக்கொள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. நான் ஒன்று கேட்டால் நீ பதிலுக்கு நாலு கேட்டுப் பேச்சைத் திருப்பிவிடுகிறாய். கடிதத்தில் அந்த வித்தை நடக்காது. முதலில் என் செய்தி, அப்புறம் நன்றி. கடைசியில் உன் உடம்பைப் பற்றி ஒன்று கேட்கப் போகிறேன். அதுவரை பொறுமையாகப் படி. நடுவில் மடித்து வைத்துவிட்டு விடுதிச் சமையலறையைப் பார்க்கப் போய்விடாதே.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து எட்டு வாரம் ஆகிவிட்டது. போன திங்கட்கிழமை முதல் கண்ணாடிக் கடை வேலைக்குப் போகிறேன். டாக்டரம்மா நேற்றுப் பார்த்துவிட்டுத் தையல் எல்லாம் நன்றாக ஆறிவிட்டது என்றார். நீ என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்று ரத்தம் ஆறு புள்ளி இருந்ததே, இப்போது பதினொன்றரை. எடுத்த கட்டியையும் பரிசோதித்துவிட்டார்கள், கெட்டது ஒன்றும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. முன்பெல்லாம் நடுப்படியில் நின்று எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளை ரசிப்பதுபோல நடிப்பேன். அந்த வீட்டம்மா, எனக்குச் செடி என்றால் உயிர் என்று நினைத்து இரண்டு தொட்டி கொடுத்தனுப்பிவிட்டாள். இப்போது அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் தலையில்.

திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது மட்டும் போகவில்லை. வயசுக்கு உள்ளது, இதற்கும் வழி இருக்கிறது, தாங்க முடியாவிட்டால் வந்து சொல்லுங்கள் என்கிறார் டாக்டரம்மா. எரிச்சலும் வருகிறது. நேற்றுக் கடையில், மூக்கின் மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைக் காணோம் என்று தேடிய ஒரு பெரியவரிடம் வள்ளென்று விழுந்தேன். பிறகு மன்னிப்புக் கேட்டு, துடைக்கும் துணி ஒன்று இலவசமாகக் கொடுத்தேன்.

கடையில் முதலாளி வாடிக்கையாளருக்கும் எங்களுக்கும் சேர்த்துச் சந்தன நிற நாற்காலிகள் போட்டாரே, நினைவிருக்கிறதா? ஒரு வருஷமாக அந்த நாற்காலியில் துண்டு போடாமல் நான் உட்கார்ந்ததில்லை. மெரூன் துண்டை நாலாக மடித்துப் பையில் வைத்திருப்பேன். முதுகுவலி என்று சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை துண்டு இல்லாமல் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், எழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்தச் சுத்தமான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அழுகை வந்துவிட்டது. முதலாளி பார்த்துவிட்டு, நாற்காலி பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

உன் அண்ணனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நீ அன்று சாப்பாட்டு மேஜையில் வைத்து அவரைக் கேட்ட கேள்வி, "அண்ணா, டிப்போல பஸ் இன்ஜின்ல ஒரு சொட்டு ஆயில் ஒழுகினா கண்டுபிடிச்சிடுவியே, ஒரு வருஷமா உன் பக்கத்துல ஒருத்தி வெளுத்துப்போய் நிக்கிறா, அது தெரியலையா?" என்றது, அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து மனிதர் மாறிப்போனார். ஆபரேஷன் ஆனதும் என்னைப் பணிமனைக்கு வந்த வண்டியாகவே நினைத்துக்கொண்டார். "ஆறு வாரத்துக்கு லோடு ஏத்தக் கூடாது" என்று சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தார். வாளியைத் தொட்டால் எங்கிருந்தோ ஓடி வருவார். அவர் துவைத்த துணியில் என் வெள்ளைத் துண்டுகள் எல்லாம் கருநீலமாயின.

ஆனால் வாண்டு, நீ ஊருக்குப் போன பிறகு, முதல் பரிசோதனை முடிவு வர ஒன்பது நாள் ஆனதே, அந்த நாட்களில் அவர் என்னிடம் சொன்னது ஒன்று உண்டு. கைகழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இருபத்தாறு வருஷத்துல, உனக்கு எப்படி இருக்குன்னு நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணுகூட ஞாபகம் வரலை." நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது தினமும் வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிஷம் என் பக்கத்தில் உட்காருகிறார். பெரும்பாலும் பிரேக் ஷூ பற்றித்தான் பேசுவார். எனக்கு அதுவே போதும். எங்களுக்குள் வேறு சிலவும் சரியாகி வருகின்றன, அதையெல்லாம் நாத்தனாருக்கு எழுத முடியாது.

என் மகள், உன் செல்ல மருமகள், பத்து நாள் லீவு போட்டு வந்து என்னைக் குளிப்பாட்டி விட்டாள். அந்தப் பெரிய மனுஷி ஒரு வார்த்தை கேட்டாள். "வாராவாரம் போன்ல நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொன்னியேம்மா, அதுல எது நிஜம்?" என்றாள். அவளுக்குச் சொல்லாமல் வைத்து அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கும் நாற்பது, ஐம்பது வயது வருமல்லவா?

இனி நன்றி. இதை எழுதத்தான் நான்கு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

நமக்குள் ஆறு வருஷம் வீணாகப் போனது. உன் அம்மா படுக்கையில் கிடந்தபோது நான் லீவு போடவில்லை என்று, "அண்ணிக்கு மனுஷங்களைவிட மூக்குக்கண்ணாடிதான் முக்கியம்" என்று சொந்தக்காரர்கள் முன்னால் நீ சொன்னாய். "தூரத்துல இருந்துக்கிட்டுச் சொல்றது சுலபம்" என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். அப்புறம் சௌக்கியமா, சௌக்கியம் என்பதோடு நின்றது. உன் வேலைக்கான பயிற்சி மூன்று வாரம் எங்கள் ஊரில் என்றும், எங்களோடு தங்கப்போகிறாய் என்றும் உன் அண்ணன் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மகள் அறையைப் பெருக்கிக்கொண்டே முணுமுணுத்தேன்.

நீ வந்த எட்டாம் நாள் காலை, உன் அண்ணன் வேலைக்குப் போனதும், என் மெரூன் துண்டை மேஜைமேல் வைத்தாய். இது என்ன என்று நீ கேட்கவில்லை. "எத்தனை மாசமா அண்ணி?" என்றுதான் கேட்டாய். கட்டி கட்டியாகப் போகிறதா, படியில் கால் துவளுகிறதா, காதுக்குள் விசில் சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். கடைசியில், "ஐஸ் கட்டியை மெல்லணும்போல இருக்கா? பின்பல்லுல நறுக்குன்னு உடையிற சத்தம் கேட்டாத்தான் மனசு அடங்குமே, அப்படியா?" என்றாய். நான் ஆடிப்போய்விட்டேன். அந்த ஐஸ் பைத்தியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். விடுதியில் ஒரு பெண்ணுக்கு இருந்தது என்றாய்.

அன்றே பயிற்சிக்கு மட்டம் போட்டு என்னை இழுத்துப் போனாய். டாக்டரம்மாவிடம் நான், கொஞ்சம் அதிகம்தான், இந்த வயசில் வருவதுதானே என்று பூசி மெழுகினேன். நீ பக்கத்து நாற்காலியிலிருந்து, "டாக்டர், இவங்க பொய் சொல்றாங்க. நேத்து ஒரே நாள்ல பதினோரு பேடு" என்றாய். எனக்கு மானமே போயிற்று. ஆனால் அந்த ஒரு வரியால்தான் நான் இன்று உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். இன்னும் ஆறு மாதம் தள்ளியிருந்தால் எங்கேயாவது படியில் விழுந்திருப்பேன் என்றார் அவர். என்னோடு சண்டை போட்டவள்தான் என்னை உற்றுப் பார்த்தாள். என் கூடப்பிறந்தவர்கள்கூட இதைச் செய்யவில்லை. நன்றி என்ற வார்த்தை போதாது, ஆனாலும் எழுதுகிறேன். நன்றியம்மா.

இப்போது நான் கேட்க வந்தது.

போன ஞாயிறு ஃபிரிட்ஜைக் கழுவினேன். உறைபெட்டியில் ஐஸ் தட்டு நிரம்பி, பனி மூடி, ஒட்டிக்கொண்டு கிடந்தது. மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை. தொட ஆளில்லை. உன் அண்ணனுக்குப் பல் கூச்சம், எனக்கோ அந்த ஆசையே விட்டுப்போயிற்று. எப்போது விட்டது என்று யோசித்தேன். நீ வந்த பத்தாம் நாள் எனக்கு இரும்புச்சத்து மருந்தை ஊசியில் ஏற்றினார்கள், ரத்தம் குறைவதால் வருகிற அந்த ஆசை நாலைந்து நாளிலேயே போய்விட்டது. ஆனால் நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் உன் அண்ணன் கணுக்கால் வீங்கி வந்தாரே, ஒத்தடத்துக்கு ஐஸ் எடுக்கப் போனேன். தட்டு காலி. காலையில் நானே தண்ணீர் ஊற்றி வைத்தது. ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறவள் அப்போது வீட்டில் ஒருத்திதான். அவள் திரும்பி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று எனக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கழுவிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ மூன்று வாரமும் கறுப்பும் கருநீலமுமாகவே உடுத்தியிருந்தாய். பின்பல்லில் கேட்கும் அந்தச் சத்தத்தை விடுதிப் பெண் வந்து காப்பாளரிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஒரே தட்டில் நாம் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருடித் தின்றிருக்கிறோம். நீ என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிற கடையில் இருபது வருஷம் வேலை பார்ப்பவள், எதிரே உட்கார்ந்து மூன்று வாரம் சாப்பிட்டவளைப் பார்க்கவில்லை. இதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

எங்கள் கடையில் எழுத்துப் பலகை ஒன்று உண்டு. சிலர் வரிசையில் காத்திருக்கும்போதே அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கடகடவென்று ஒப்பிப்பார்கள். கண் கெட்டுப்போனது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அப்படிப்பட்டவர்களை நான் திட்ட மாட்டேன், பலகையை மறுபக்கம் திருப்பி மாட்டிவிட்டு, இதைப் படியுங்கள் என்பேன். இந்த எட்டு வாரத்தில் உன்னிடம் எத்தனை முறை எப்படி இருக்கே என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும், "எனக்கென்ன அண்ணி, நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க உங்களைப் பாருங்க" என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாய். அந்த வரி எனக்கும் மனப்பாடம். நானும் ஒரு வருஷம் அதைத்தான் ஒப்பித்தேன்.

ஆகவே எப்படி இருக்கே என்று இனிமேல் கேட்க மாட்டேன். இந்த மாதம் எத்தனை நாள் போனது? படியில் எங்கே நிற்கிறாய்? ஒரு நாளைக்கு எத்தனை பேடு? எண்களை மட்டும் எழுது. எனக்கு அது போதும்.

காய்ச்சல் வந்த பெண்ணை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவள் நீ. உன்னைக் கூட்டிப்போக உன் அறையில் ஆளில்லை, அதனால்தான் தள்ளிப்போடுகிறாய். பயமும் இருக்கும். எனக்கும் இருந்தது, நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் தாங்கினேன். இருபத்தொன்றாம் தேதிக்கு டாக்டரம்மாவிடம் உன் பெயரைப் பதிந்திருக்கிறேன். உனக்கும் எனக்கு இருந்ததேதான் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவர் அவர். உன் அண்ணன் பத்தொன்பதாம் தேதி உன்னை அழைத்துவர ரயில் ஏறுகிறார். அவரிடம் நான் முழுதும் சொல்லவில்லை, வாண்டுவைக் கூட்டிக்கொண்டு வாங்க என்று மட்டும் சொன்னேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். நீ மறுத்தால் அவர் பின்னாலேயே நான் வருவேன். இப்போது நான் பெட்டி தூக்கலாம், டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

உன் அறை தயாராக இருக்கிறது. இந்த முறை முணுமுணுக்காமல்தான் பெருக்கினேன். ஐஸ் தட்டிலும் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். வந்து மேஜையில் என் எதிரே உட்கார்ந்து, சத்தம் கேட்கும்படியே மென்று தின்னு. அந்த ஆசை விட்டுப்போகும்வரை நானே தினமும் ஊற்றி வைக்கிறேன்.

நோய் நொடியில்லாமல் நூறு வயது இரு. என்னோடு சண்டை போட எனக்கு நீ வேண்டும்.

எப்போதும் உன் நலம் விரும்பும்,
அண்ணி