எலியாவும் என் இடது முழங்காலும்

3.8.1969, ஞாயிறு

எங்கள் சபைப் போதகர் ஐயர் செங்கல்பட்டுக்குப் போயிருப்பதால் இன்று பிரசங்கம் என் பொறுப்பு. ஆறு நாளும் நெசவாளர் சங்கத்தில் ஜரிகையை எடை போடும் இந்தக் கை, ஏழாம் நாள் எலியா தீர்க்கதரிசியையே தராசில் ஏற்றியது. இஸ்ரவேலில் மூன்றரை வருஷம் மழை இல்லை. கர்மேல் மலையுச்சியில் எலியா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு மன்றாடுகிறான். வேலையாளைக் கடல் பக்கம் பார்த்து வரச் சொல்கிறான். ஆறு தரம் பார்த்தும் ஒன்றுமில்லை. ஏழாவது தரம், உள்ளங்கை அளவு மேகம். உடனே ஆகாப் ராஜாவுக்கு ஆள் போகிறது: நனைவதற்குள் தேரைப் பூட்டிக் கிளம்பு! ஒரு துளி விழவில்லை, அதற்குள்!

“அதுதான் விசுவாசம்” என்று பீடத்தை நான் குத்திய குத்தில் வாலாஜாபாத் ரயில் ஒரு நிமிஷம் நின்று போனதாகத் தகவல். தகவல் கொடுத்தவன் நான்தான்.

பிறகு எல்லாரும் மழைக்காக ஜெபித்தோம். தெருக்கிணற்றில் வாளியை விட்டால் தரை தட்டுகிற சத்தம்தான் வருகிறது.

5.8.1969

மேகம் இல்லை. மேகத்துக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

10.8.1969, ஞாயிறு

காலையில் மறுபடி மழைக்கு ஜெபம். நான்தான் நடத்தினேன். கண்ணீர் ஒரு குடம்.

சாயங்காலம் மச்சான் அருமைநாதன் வந்தார். முப்பது வருஷமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்தவர், இப்போதுதான் தன் மகள் கிருபாவதிக்கு நெய்யப் போகிறார். சந்தன நிறப் பட்டு, மூன்று புடவைக்கான பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகள். கல்யாணம் அடுத்த மாதம் மூன்றாம் தேதி. பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைக்க வேண்டும். நடுவில் நனைந்தால் இழையெல்லாம் ஒட்டிச் சிக்காகிவிடும். இன்னொரு பாவு வாங்கக் காலமும் இல்லை, வழியும் இல்லை.

வானம் பார்த்துச் சொல்வது இந்தத் தெருவில் என் ராஜ்யம். என் இடது முழங்கால் வலித்தால் மழை, வலிக்காவிட்டால் வெயில். இந்த முழங்காலின் கீர்த்தி டில்லி வரை பரவியிருக்கிறது.

“காலையில பாவு போடலாமா மச்சான்?” என்று கேட்டார்.

“தாராளமா போடு. ஒரு சொட்டு வுழாது. வுழுந்தா என் மீசைய எடுத்துடறேன்.”

அப்பாவோடு வந்திருந்த கிருபா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். “நீ சும்மா இரும்மா” என்றேன்.

11.8.1969

போச்சு.

ஆறு மணிக்குப் பாவு கட்டினோம். ஏழு மணிக்குக் கஞ்சி. ஏழரைக்குக் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கை அளவா? யானைக்கூட்டம்! அவிழ்ப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. தெருவே கிணற்றடிக்கு ஓடிக் கூத்தாடியது. நாங்கள் ஐந்து பேர் மட்டும் நனைந்த பட்டைக் குழந்தைபோல அள்ளிக்கொண்டு நின்றோம். மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

கிருபாதான் கேட்டாள். “நேத்து மழை வேணும்னு கேட்டது நீங்கதானே மாமா? வராதுன்னு நீங்களே எப்படி சொன்னீங்க?”

தாவீது ராஜாவைக் கண்டிக்க வந்த நாத்தான் தீர்க்கதரிசி முதலில் ஒரு ஆட்டுக்குட்டிக் கதையாவது சொன்னான். இவள் அதுகூடச் சொல்லவில்லை. ஒரு குடம் கண்ணீர் விட்டேனே, அதில் ஒரு துளியையாவது நான் நம்பினேனா? இல்லை. முழங்காலை நம்பினேன்.

ஐயர் வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் நிஜமாக அழுதது ஐயருக்கே புதுசு. “பாவு எத்தினி அடிப்பா?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஆலயச் சாவியை எடுத்தார். “பெஞ்சையெல்லாம் ஓரமா தள்ளுங்க.”

பீடத்தின் அடியிலிருந்து வாசல்வரை பாவை இழுத்தோம். ஆலயம் நாலு முழம் குறைச்சல். ஆகவே பாவின் கடைசியில் கட்டிய கழியின் ஒரு முனையை நானும், மறுமுனையை எதிர்வீட்டுக் கைலாசமும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். கைலாசம் ஆலயத்துக்கு வந்தது இதுவே முதல் தடவை. தாழ்வாரத்தின் கூரை எங்களைவிடப் பாவின் மேல்தான் பட்சம் வைத்திருந்தது. முதுகு முழுக்கச் சாரல்.

“சாலொமோன் ராஜா கட்டின ஆலயத்து வாசல்ல ரெண்டு வெண்கலத் தூணு இருந்துதுபா. யாகீன், போவாஸ். இன்னைக்கி நாமதான்.”

“அவங்களுக்கும் இப்படி சளி புடிச்சுதா?”

உள்ளே என் தங்கை சாராளும் கிருபாவும் விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார்கள். மச்சான் குனிந்து இழை இழையாகப் பிரித்தார். பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை தூண்கள் அசையவில்லை; ஒரு தூண் மட்டும் மறு தூணுக்கு எலியா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கைலாசம் தும்மியதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

13.8.1969

அறுந்த இழைகள் எண்பத்து மூன்று. இரண்டு நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டோம். மச்சான் இன்றுதான் பேசினார்: “மீசை இன்னும் இருக்குதே.”

எடுத்துவிட்டேன்.

3.9.1969

கல்யாணம். முந்தானை ஓரத்தில் மழை பட்ட அடையாளம் லேசாக ஒரு கோடு. மடிப்பில் மறைத்துவிடலாம் என்றாள் சாராள். கிருபா மாட்டேன் என்று வெளியே தெரியும்படியே கட்டிக்கொண்டாள். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தவள், “மீசை இல்லாம நல்லாவே இல்ல மாமா” என்றாள். கோடி ரூபாய் பெறும்.

7.9.1969, ஞாயிறு

அந்த ஒரு மழையோடு சரி. கிணறு மறுபடி வற்றிக்கொண்டு வருகிறது. ஜெபம் நடத்தச் சொன்னார் ஐயர். கொஞ்சமாகத்தான் பேசினேன். குடமெல்லாம் இல்லை.

சாயங்காலம் கைலாசம் வந்தான். “நாளைக்கி என் பாவு போடலாமா? முழங்கால் இன்னா சொல்லுது?”

முழங்கால் வலிக்கவே இல்லை.

“போடாத. காலைலதான் மழை கேட்டிருக்கேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

8.9.1969

வானம் துடைத்த தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. ஆனால் கைலாசம் வீட்டு வாசலில் கழி நடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அந்த எலியாவோட வேலைக்காரன் எத்தினி தரம் பாத்தான்னு சொன்ன?”

“ஏழு.”

“நான் பாத்தது மூணுதான்” என்று மறுபடி பார்க்க எழுந்தான்.