முன் சக்கரத்தில் பின் டயர்

பாவா, உங்கள் பைக்கின் முன் டயரை இன்று காலை கழற்றிவிட்டேன். திருத்தணி பங்ச்சர் கடைக்காரர் அதை நெம்பி எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். சோப்புத் தண்ணீரும் ரப்பரும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் இருந்த பழைய எரிச்சலும் கிளம்பிவிட்டது. போய்ச் சேர்ந்த அக்கா புருஷன் மேல் கோபப்படக் கூடாதாம். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

அம்மையார்குப்பத்திலிருந்து பள்ளிப்பட்டுக்குப் புடவைக் கட்டுகளை ஏற்றி ஏற்றி, பின் டயரின் நடுப்பாகத்தைப் பலகை மாதிரித் தேய்த்துவிட்டீர்கள். அத்தோடு விட்டீர்களா? ஓரமெல்லாம் புதுசாக இருக்கிறதே, வீணாகப் போகிறதே என்று அதையே முன் சக்கரத்தில் மாட்டினீர்கள்.

முன் டயர் உருண்டையாக இருந்தால்தான் வளைவில் வண்டி இதமாகச் சாயும். தட்டையாக இருந்தால் முதலில் முரண்டு பிடிக்கும், ஓரத்துக்கு வந்ததும் சட்டென்று விழும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். "தறியில பாவு சமமா நின்னாதான் நெசவு நேரா வரும். இதுவும் அப்டிதான். தட்டையா இருந்தா ரோட்டுல நல்லா ஒக்காந்துகினு போவும்" என்றீர்கள். தறிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

மலை இறங்கும்போது ஹேண்டில் கனக்கிறது என்று புலம்பியதும் நீங்கள்தான். ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் கோன் செட்டை மாற்றினீர்கள். ஹேண்டில்பாரையே மாற்றினீர்கள். டயரை மட்டும் தொடவில்லை. ஒருநாள் உங்களைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டிக் காட்டினேன். கோயில் மலை வளைவில் வண்டி திரும்பாமல் தடுப்புச் சுவர்வரை போய் நின்றது. நீங்கள் நிதானமாக இறங்கி வேட்டியைத் தட்டிவிட்டு, "ஒனக்கு ஓட்டத் தெரியல மச்சான்" என்றீர்கள்.

போன வருடம் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டி என்னிடம் வந்தது. டயரை மாற்றப் போனேன், அக்கா குறுக்கே நின்றாள். "அது அவரு கையால மாட்டுனதுடா. இருந்துட்டுப் போவட்டும்." உங்களுக்கேற்ற பெண்டாட்டி. கிருத்திகை தவறாமல் மலைக்குப் போக வேண்டும் என்பாள், அதுவும் இந்த வண்டியில்தான் என்பாள். பின்னால் அவள் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. போன கிருத்திகைக்கு எதிரே வேன் வந்துவிட்டது. ஒதுங்கப் பார்த்தால் வண்டி சாயவில்லை. அழுத்தினேன், ஒரேயடியாகச் சாய்ந்தது. காலை ஊன்றித்தான் நிறுத்தினேன். அவள் விழுந்திருந்தால் உங்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அதனால் இன்று அவளைக் கேட்காமலே மாற்றினேன். வீட்டுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தேன். லேசாகச் சாய்ந்தால் போதும், வண்டி கூடவே வந்தது. இத்தனை வருடம் நான் சொன்னதுதான் சரி. அதை ஒத்துக்கொள்ள நீங்கள் இருந்திருக்க வேண்டும் பாவா. அந்த ஒரு பேச்சைக்கூட எனக்குத் தராமல் போய்விட்டீர்கள்.

சாமி பார்த்துவிட்டுக் கீழே வந்ததும் டீக்கடை வாசலில் நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை.

"டயர மாத்திட்டியா?"

"ஆங், மாத்திட்டேன்க்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "மலை எறங்கசொல்ல வளைவுக்கு வளைவு, கெட்டியாப் புடிச்சிக்கம்மான்னு சொல்லிகினே வருவாரு. வீட்டுல அப்டி ஒரு வார்த்த வராது அவரு வாயில. இன்னிக்கு வளைவு வந்ததே தெரியலடா" என்றாள்.

டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆர்.கே.பேட்டை தாண்டி ஒரு வளைவு வந்தது. வண்டி தன்பாட்டுக்குச் சாய்ந்தது. ஒரு அவசியமும் இல்லாமல், "கெட்டியாப் புடிச்சிக்கக்கா" என்றேன். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இனி வளைவுக்கு வளைவு இதைச் சொல்லியாக வேண்டும். டயரைக் கழற்றியும் உங்கள் தொல்லை என்னை விடவில்லை பாவா.