சாக்குப் போர்த்திய பெட்டி

வில்பட்டி,
18.1.2026, ஞாயிறு.

அன்புள்ள தமிழ்மதிக்கு,

உன் வீட்டுக்காரன் பழனிக்குமார் எழுதுகிறேன். நானும் பிள்ளை வடிவும் நல்லபடியாக இருக்கிறோம். ஹைதராபாத்தில் படிக்கப் போன இடத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நேரத்துக்குத் தூங்குகிறாயா என்று கேட்டால் பொய்தான் சொல்வாய். அதனால் கேட்கவில்லை.

தினமும் போனில் பேசுகிறவனுக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். நீ "என்னங்க, சொல்லுங்க" என்றதும் பேச்சை மாற்றிவிட்டேன். கேரட் விலையையும் டவுன் பஸ் வராத கதையையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சிப்பில் ஒரு குறையும் இல்லை. அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. தப்பு செய்தது நான்.

டிசம்பரில் லீவுக்கு வந்தபோது அந்தச் சின்னப் பெட்டியை என் கையில் கொடுத்து, பள்ளத்து வயலில் பூண்டுப் பாத்தி ஓரமாகத் தரையில் வைக்கச் சொன்னாய். உள்ளே இருக்கிற உன் சிப் குளிரை அளந்து ஒரு மெமரி கார்டில் தானே எழுதிக்கொள்ளும் என்றாய். பக்கத்தில் ஒரு குச்சியில் தெர்மாமீட்டரையும் மாட்டினாய். ராத்திரி குளிர் எதுவரை இறங்கியது என்று அது காட்டும், வெள்ளனே போய்ப் பார்த்து நோட்டில் எழுதுங்கள், இரண்டும் ஒத்துப்போனால்தான் என் சிப் தேறியதாக அர்த்தம் என்றாய். கார்டை மாற்றுவது தவிர பெட்டியைத் தொடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னாய்.

நான் பெட்டியைத் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் மூடினேன்.

உறைபனி விழும் என்று தெரிந்தால் நாற்றங்காலுக்கு என்ன செய்வோம்? பொழுது சாயும்போது காய்ந்த புல்லைப் பரப்பி, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டு, காலையில் எடுப்போம். அதையேதான் செய்தேன். ஒன்றரை வருஷமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் கோடு கோடாக நீ வரைந்தது. எங்கேயோ வெளிநாட்டில் அச்சாகி நகத்தளவில் வந்திருக்கிறது. அதைப் பனியில் போட்டுவிட்டு நான் மட்டும் கம்பளிக்குள் படுப்பதா? மனசு கேட்கவில்லை. களையெடுக்க வந்த ராக்காயி அக்காகூட, "என்னய்யா, பொட்டிக்கும் குளிருமாக்கும்?" என்று சிரித்தது. "எம் பொண்டாட்டி செஞ்சது அக்கா, சும்மாவா?" என்று பெருமையாக வேறு சொன்னேன். பனியை அளக்க வைத்த பெட்டிக்குப் பனி படாமல் பார்த்துக்கொண்ட முட்டாள் இந்த மலையிலேயே நான் ஒருத்தன்தான்.

நீ கண்டுபிடிக்கவும் வழியில்லை. காலையில் சாக்கை எடுத்து உதறிவிட்டு, அதற்கப்புறம்தான் உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். படத்தில் பெட்டி எப்போதும் திறந்த வெளியில்தான் கிடக்கும்.

செண்பகனூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷபீர்தான் கார்டில் இருப்பதை உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். தெர்மாமீட்டர் ஒரு டிகிரி என்றால் சிப் ஏழு என்றது. இன்னொரு நாள் இரண்டுக்கு ஆறு என்றது. தினமும் ஒரே அளவு தள்ளியிருந்தால்கூடத் திருத்திவிடலாம், இது ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி காட்டுகிறதே என்று புலம்பினாய். புல்லை நான் ஒரு நாள் தடிப்பாகவும் ஒரு நாள் மெல்லிசாகவும் போட்டது உனக்கு எப்படித் தெரியும்? வரைபடத்தில் எங்கேயோ சறுக்கிவிட்டேன் என்று முதலிலிருந்து ஒவ்வொரு கோடாகப் பார்க்க ஆரம்பித்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சைப் பேசினாய். ஜூனுக்கு மேல் இன்னும் ஆறு மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டு புதிதாகச் செய் என்று உன் புரொபசர் சொன்னார், வடிவை விட்டுவிட்டு அவ்வளவு நாள் என்னால் முடியாது, படிப்பை நிறுத்திவிட்டுப் பழையபடி பாலிடெக்னிக் வேலைக்கே வந்துவிடுகிறேன் என்றாய். அவர் 23ஆம் தேதி வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னாய். பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடச் சொன்னாய். எனக்கு எடுக்க மனசு வரவில்லை. அங்கேயே விட்டு, வழக்கம்போலச் சாயங்காலம் மூடிக் காலையில் நோட்டிலும் எழுதிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை ராத்திரி காட்டெருமை ஒன்று வேலியை முறித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. செவ்வாய் காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பாத்தி சேறாகிக் கிடந்தது. புல்லைச் சிதறடித்து, சாக்கை ஓடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டிருந்தது. நல்லவேளை, பெட்டி மேலும் தெர்மாமீட்டர் குச்சி மேலும் குளம்பு படவில்லை. கார்டு நனைந்திருக்குமோ என்ற பயத்தில் ஷபீரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இன்னைக்கி மட்டும் ரெண்டும் ஒண்ணா நிக்கிது? நேத்து என்ன செஞ்சீங்க?" என்றான். "நான் ஒண்ணும் செய்யலப்பா, எல்லாம் அந்த மாடு செஞ்ச சோலி" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. பெட்டி மேல் சாக்கு இல்லாமல் கிடந்த ஒரே ராத்திரி அதுதான், தமிழு.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமான பகுதி. செவ்வாய்க்கிழமையே உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இன்னும் நாலு நாள் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சோதிக்கவும் செய்தேன். ஆனால் அது பாதிதான் உண்மை. நீ வருகிறேன் என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ அழுதுகொண்டு சொன்னாய், நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். வடிவு அவள் கிளாஸ் முழுக்க அம்மா வருகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது உன் அலமாரியைக் காலி செய்து துடைத்து வைத்தேன். சொன்னால் இதெல்லாம் போய்விடுமே என்று நாக்கை அடக்கிக்கொண்டேன். நீ சும்மா விட்டாலும் இந்தக் குற்றத்துக்கு என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் நீ பேசியதுதான் என்னை உலுக்கிவிட்டது. "நமக்கெல்லாம் இது சரிப்படாதுங்க, ஆசைப்பட்டதே என் தப்பு" என்றாய். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் உன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. அட்டுவம்பட்டியில் பெண் பார்க்க வந்த அன்றே, "நான் மேல படிப்பேன், சம்மதம்னா பேசுங்க" என்று என் அப்பாவிடம் நேராகச் சொன்னவள் நீ. நீ வீட்டுக்கு வருவது வேறு, தோற்றுப்போனேன் என்று நினைத்துக்கொண்டு வருவது வேறு. அதுவும் நான் போட்ட சாக்கால்.

கார்டையும் என் நோட்டுப் பக்கங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். 13ஆம் தேதியிலிருந்து ஐந்து நாள் பார். மூடாத நாலு நாளும் இரண்டும் அரை டிகிரிகூட வித்தியாசமில்லை. 15ஆம் தேதி, பொங்கலன்று, வேண்டுமென்றே மூடினேன், ஆறு டிகிரி தள்ளிக் காட்டியது. எந்தெந்த நாள் புல்லைத் தடிப்பாகப் போட்டேன், எந்தெந்த நாள் மெல்லிசாகப் போட்டேன் என்று டிசம்பரிலிருந்து ஞாபகப்படுத்தி ஓரத்தில் குறித்திருக்கிறேன். அதற்கு முன்னால் மூடாத நாளே இல்லை. இதையெல்லாம் அப்படியே உன் புரொபசரிடம் காட்டு. தப்பு என் வீட்டுக்காரர் மேல் என்று சொல், கௌரவம் பார்க்காதே. நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன். எனக்கு இங்கிலீஷ் வராவிட்டாலும் சாக்கைக் கையில் கொண்டுவந்து காட்டினால் மனுஷனுக்குப் புரியாமலா போகும்?

பனி இன்னும் மூன்று வாரமாவது இருக்கும். இன்னும் எத்தனை நாள் கணக்கு வேண்டுமோ கேள், எழுதி அனுப்புகிறேன். இந்த முறை பத்தடி தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

நாளை கூரியரில் போடுகிறேன், புதனோ வியாழனோ வந்துவிடும். ஈமெயிலில் இப்போதே அனுப்பட்டுமா என்று ஷபீர் துடிக்கிறான். முதலில் என் எழுத்தைத்தான் அவள் படிக்க வேண்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். வியாழன் காலைக்குள் உன்னிடமிருந்து போன் வராவிட்டால் நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதற்குள் தைரியம் வந்துவிடும்.

மற்றபடி ஊரில் எல்லாம் நலம். மாடு மிதித்த இரண்டு பாத்தி போக மிச்சப் பூண்டு நன்றாகத் திரண்டு வருகிறது. வடிவுக்கு முன்பல் ஆடுகிறது. யாரையும் தொடவிடமாட்டேன் என்கிறாள்.

இன்று காலை அவளை மடியில் உட்காரவைத்து, அம்மா இப்போது வரவில்லை, ஜூன் மாதம் படிப்பை முடித்துவிட்டுத்தான் வருவாள் என்று சொல்லிவிட்டேன். அழுதாள், ரொம்ப நேரம் அழுதாள். பிறகு மூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அம்மா சிப்பு பாஸாயிருச்சாப்பா?" என்று கேட்டாள். பாஸாகிவிட்டது என்றேன். ராக்காயி அக்காவிடம் சொல்ல ஓடிவிட்டாள்.

பிள்ளையிடம் சொல்லியாகிவிட்டது. இனிமேல் நீ படிப்பை நிறுத்துவதாகக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? எனக்கும் உன்னைப் பார்க்காமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், இப்போது வராதே, தமிழு. பழனி முருகன் உன் கூடவே இருப்பான். நன்றாக இரு, முடித்துவிட்டு வா.

உன்னுடைய,
பழனிக்குமார்