எனக்கும்தான் சார்

ஜூன் 9

என்னங்க,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாண்டு இப்போதுதான் கண்ணசந்தாள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே அவளைச் சேர்த்தது வம்பாகிவிட்டது. வீட்டிலும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறாள். இன்று ஒரே குடைச்சல்.

"அப்பா மிஸ் பண்றேன்னு சொன்னாரே, அவர்தான் உன்னை மிஸ் ஆக்கினாரா?"

"இல்லடி. அவருக்கு நம்மளைத் தேடுதுன்னு அர்த்தம்."

"அப்ப பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்னியே, பஸ்ஸைத் தேடுச்சா?"

நீங்களே வந்து பதில் சொல்லுங்கள். இன்னொன்று. கப்பலிலிருந்து நீங்கள் அனுப்பும் செய்தியைக் கம்பெனி ஆபீஸ்காரர் போனில் "ஃபைன், மிஸ்ஸிங் யூ" என்று வாசிக்கிறார். முன்பின் தெரியாத ஆம்பிளை வாயால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
வாண்டு அம்மா

ஜூன் 21

மிஸ் அவர்களுக்கு,

கூச்சமா? இனிமேல் "மிஸ்ஸிங்" மட்டும் சொல்லச் சொல்கிறேன். மிச்சத்தை நானே நேரில் வந்து சொல்லிக்கொள்கிறேன், போதுமா?

இன்ஜின் ரூம் சூட்டில் எழுதுகிறேன், எழுத்து வேர்வையில் ஊறியிருக்கும். பின்பக்கத் தளத்தில் கைப்பிடிக் கம்பி ஒன்று கழன்று ஆடுகிறது. கயிறு கட்டி வைத்திருக்கிறோம். "அடுத்த துறைமுகத்துல பாத்துக்கலாம்" என்கிறார் சீஃப் இன்ஜினியர். அவருக்கு எல்லாமே அடுத்த துறைமுகம்தான்.

கரை சேர்ந்ததும் வழக்கம்போல மிஸ்டு கால். ரெண்டு ரிங். எடுத்துக் காசைக் கரியாக்காதே.

வாண்டுக்கு முத்தம்.

எண்ணெய்க்காரன்

ஜூலை 6

என்னங்க,

வியாழக்கிழமை வகுப்பில் இருக்கும்போது ஆபீஸ்காரர் கூப்பிட்டார்.

"மேடம், உங்க ஹஸ்பண்ட் மிஸ்ஸிங்."

நீங்கள் சொன்னபடியே வாசிக்கிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே, "எனக்கும்தான் சார், சொல்லிடுங்க" என்றேன்.

அப்புறம் தமிழில் சொன்னார்: "ஆளைக் காணோம்மா. ராத்திரி பின்பக்கம் போனவர் திரும்பலை."

பாவம், அந்த மனிதர் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கம்பியைக் கட்டிய கயிறு மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

வாண்டு பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "எங்கப்பா மிஸ்ஸிங்!" மற்ற மிஸ்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று கேட்டாள்:

"அப்பாவுக்கு நம்மளை ரொம்பத் தேடுதாம்மா?"

"அப்பாவைத்தான்டி தேடுறாங்க."

இந்த ஒரு தடவைதான் "அம்மா" என்று கூப்பிட்டாள்.

தேடுவதையும் நாளையோடு நிறுத்துகிறார்களாம். கப்பல் முகவரிக்கு இனி எழுத வேண்டாம் என்கிறார்கள். எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். ரெண்டே ரிங், நின்றுவிட்டது. கை போனை எடுக்க ஓடியது. நீங்கள் எடுக்காதே என்றீர்களே, நான் எடுக்கவில்லை. திருப்பிக் கூப்பிடவும் இல்லை. வேறு யாராவது "ஹலோ" என்றுவிட்டால் என்ன செய்வேன்?

கூப்பிட்டது நீங்கள்தானா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

வாண்டு அம்மா